பழைய காமிக்ஸை வரைகிறவன் எப்படி வாசிக்க வேண்டும்?

கல்முனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் றங்குப் பெட்டிக்குள் பழைய முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ், கொஞ்சம் ஆங்கிலப் புத்தகங்கள் கிடந்தனவாம். தானும் கார்ட்டூன் பழகுகிறாராம். "மட்டக்களப்பில் இருந்து இத்தனை வருசமாகப் பத்திரிகைக்கு வரைகிறீர்கள். ஆனால் வாயைத் திறந்தால் பழைய காமிக்ஸ்தான். அதில் படிக்க அப்படி என்ன இருக்கிறது? எதில் தொடங்குவது? இந்தப் பெட்டியை என்ன செய்வது?" மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவதுக்குத்தான் அவசரம், மாரி தொடங்கப் போகிறது. ஆனால் முதலாவதுக்குப் பதில் விளங்கினால்தான் மூன்றாவதைச் சரியாகச் செய்வீர்கள்.

பழைய காமிக்ஸ் என்றதும் நம்மவர்கள் இரண்டு விதமாகக் கதைப்பார்கள். ஒன்று, "அந்தக் காலம் மாதிரி வருமா" என்ற பெருமூச்சு. மற்றது விலை. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938ஆம் ஆண்டு அக்ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் பெருமூச்சாலும் ஏலத்தாலும் வரைகிறவனுக்கு ஐந்து சதத்துப் பிரயோசனம் இல்லை. எனக்கு இந்தப் புத்தகங்களில் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் வேறு. அதைச் செய்தவர்களுக்கு வாய்த்தது மட்டமான தாள், மை பரவுகிற அச்சு, கையளவு இடம், நாளைக்கு விடியக் கொடுத்தாக வேண்டிய அவசரம். இந்த நெருக்கடிக்குள் எதை வரையாமல் விடலாம் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். வரைகிறவன் படிக்க வேண்டியது அந்த 'விட்டதை'.

உங்கள் பெட்டியில் நிச்சயம் ஒரு இரும்புக்கை மாயாவி இருக்கும். அதையே எடுப்போம்.

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழாக வந்தவர் இந்த மாயாவிதான். அவருடைய சொந்த ஊர் இங்கிலாந்து. 1962இல் வேலியண்ட் என்ற வார இதழில் 'ஸ்டீல் கிளோ' என்ற பெயரில் பிறந்தார். லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வுகூட உதவியாளன். வலக்கை போய், அந்த இடத்தில் இரும்புக்கை. பெரிய மின் அதிர்ச்சி தாக்கினால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். கதையாகக் கேட்டால் சிறுபிள்ளை விசயம். இப்போது வரைகிறவனின் கதிரையில் இருந்து யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் மறைந்துவிட்டான். பக்கத்தில் மிச்சம் ஒரு கை. முகம் இல்லை, ஆகவே பயந்தானா, சிரித்தானா என்று காட்ட வழியில்லை. உடம்பு இல்லை, ஆகவே ஓடுகிறானா, ஒளிந்திருக்கிறானா என்றும் காட்ட முடியாது. ஆனால் கதையில் அவன் ஓடவும் வேண்டும், ஒளியவும் வேண்டும், அடிவாங்கவும் வேண்டும்.

இந்தச் சிக்கல் வந்து விழுந்தது பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்பவரின் தலையில். அவர் அதை எப்படிச் சமாளித்தார் என்று பாருங்கள். அந்தக் கை நிலத்தில் இருந்து எந்த உயரத்தில் இருக்கிறது? கதவுப் பிடியின் மட்டத்தில் என்றால் ஆள் நிமிர்ந்து நிற்கிறான். மேசைக் காலின் பக்கத்தில் என்றால் குனிந்தோ தவழ்ந்தோ வருகிறான். விரல்கள் விரிந்திருந்தால் ஒன்று, பொத்தியிருந்தால் இன்னொன்று. அந்தப் படக் கட்டத்துக்குள் (வரைகிறவர்கள் நாங்கள் இதையும் பெட்டி என்றுதான் சொல்வோம்) இருக்கும் மற்றவர்களின் கண்கள் எங்கே போகின்றன என்றும் பாருங்கள். அவர்கள் கையைப் பார்க்கிறார்களா, கைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய வெற்றிடத்தைப் பார்க்கிறார்களா? முகத்தைத் தேடுகிற கண்ணை வரைந்துவிட்டால் இல்லாத முகம் தானாக அங்கே வந்துவிடும். உடம்பு முழுவதையும் வாசகனைக் கொண்டே வரைவிக்கிற வேலை இது.

ஒரு ட்ரேசிங் பேப்பரை அந்தப் பக்கத்தின் மேல் வையுங்கள். பெட்டியின் எல்லைக் கோட்டையும் கையையும் மட்டும் எடுங்கள். மறுகா மூலப் பக்கத்தை மூடிவிட்டு, அந்தக் கைக்குச் சொந்தமான உடம்பை நீங்களே பென்சிலால் போடுங்கள். தோள் எங்கே வரும், முழங்கால் எங்கே மடங்கும் என்று கை தகவல் சொல்லும். சொல்லாத இடத்தில் உங்களுக்கு உடற்கூறு போதவில்லை என்று அர்த்தம். என்னிடம் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கிற வேலை இதுதான். சலிப்பார்கள். பரவாயில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மாயாவி' என்று அட்டையில் இருப்பதெல்லாம் பிளாஸ்கோ வரைந்ததல்ல. வேலியண்ட் வார இதழில் வந்தது ஒன்று. 1967, 68 காலத்தில் ஃப்லீட்வே சுப்பர் லைப்ரரி என்ற கையடக்க வரிசையில் வந்தது வேறு. அந்த வரிசையில் மாயாவி, ஸ்பைடர், ஜானி நீரோ, தமிழில் லாரன்ஸ்–டேவிட் என்று நாம் அறிந்தவர்கள் எல்லோரும் உண்டு. வரைந்த கைகள் பல. சில கைகள் சுமார்தான். தமிழில் எல்லாம் ஒரே அளவில், ஒரே தாளில் வந்ததால் நாம் சின்ன வயதில் வேறுபாடு பார்க்கவில்லை. இரண்டு புத்தகத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அதே இரும்புக்கையின் விரல் மூட்டுகளைப் பாருங்கள். ஒன்றில் அது கனமான இரும்பு. மற்றதில் கையுறை.

பிளாஸ்கோவின் கறுப்பையும் பாருங்கள். முகத்தின் பாதியை, சுவரின் பாதியை நிழலுக்குள் போட்டுவிடுவார். அழகுக்காக மட்டுமல்ல. மலிவுத் தாளில் மயிரிழைக் கோடுகளை நெருக்கமாகப் போட்டால் மை பரவி எல்லாம் ஒரே சேறாகிவிடும். பெரிய கறுப்பும் பெரிய வெள்ளையும் எந்த அச்சையும் தாங்கும். அந்தப் பக்கங்கள் இலண்டனில் ஒருமுறை அச்சாகி, சிவகாசியில் மறுமுறை அச்சாகி, ஈரம் குடித்து உங்கள் கைக்கு வந்த பிறகும் முகம் முகமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் படம் வாட்சப்பில் நசுங்கி நசுங்கிக் கைமாறுகிறது. பழைய அச்சுக்குப் பொருந்தியது இதற்கும் பொருந்தும்.

தமிழ்ப் பதிப்பில் இன்னொரு பாடம் உண்டு, ஆனால் அது தலைகீழாக வருகிற பாடம். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடிகிற பேச்சு தமிழில் மூன்றரை வரி கேட்கும். பேச்சுக் குமிழி ஆங்கிலத்துக்கு அளந்து வெட்டியது. ஆகவே எழுத்து நெருங்கும், அல்லது குமிழி படத்தை மேய்ந்துவிடும். நீங்கள் தமிழில் சொந்தமாக வரையப் போகிறீர்கள் என்றால் முறையை மாற்றுங்கள். முதலில் வசனத்தை எழுதுங்கள், அதில் பாதியை வெட்டுங்கள், அதைப் பெட்டிக்குள் உங்கள் கையெழுத்தால் எழுதுங்கள், சுற்றிக் குமிழி போடுங்கள். மிச்சம் இருக்கிற இடத்தில் ஆளை வரையுங்கள். ஆளை வடிவாக வரைந்து முடித்துவிட்டுக் கடைசியில் வசனத்துக்கு இடம் தேடுவதுதான் நம்மூர்ப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற வேலை. தலைக்கு மேலே குமிழி நசுங்கிக் கிடக்கும்.

சரி, இது சாகசக் கதை. நாளிதழ்த் துண்டுச் சித்திரக்கதை வேறு சாதி.

சார்ள்ஸ் ஷூல்ஸின் 'பீநட்ஸ்' 1950 ஒக்டோபர் 2ஆம் திகதி ஏழு பத்திரிகைகளில் தொடங்கியது. அதை விற்ற நிறுவனம் பத்திரிகைகளுக்குக் காட்டிய கவர்ச்சி என்ன தெரியுமா? இடத்தை மிச்சம் பிடிக்கும் என்பது. நான்கு சம அளவுப் பெட்டிகள். படுக்கையாகப் போடலாம், ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கலாம், இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாகவும் வைக்கலாம். பக்கம் கட்டுகிறவர் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே செருகலாம். ஒரு கலைஞனுக்கு இது அவமானம்தான். ஷூல்ஸ் அந்த அவமானத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார். பெட்டி சின்னது, ஆகவே பின்னணியைக் கைவிட்டார். பெரியவர்களைக் காட்டவில்லை. தலையைப் பெரிதாக்கி உடம்பைச் சுருக்கினார். இரண்டு பிள்ளைகள் ஒரு குட்டிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நாலு பெட்டியும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அசைவே இல்லை. மூன்றாவது பெட்டியில் ஒருவரும் பேசாமல் இருப்பார்கள், அவ்வளவுதான், நாலாவதில் சிரிப்பு வந்துவிடும். அந்தப் பேசாத பெட்டியைக் கவனியுங்கள். நகைச்சுவை சொல்கிற எல்லோருக்கும் அந்த ஒரு மூச்சு இடைவெளி தேவை. படத்தில் அதற்கு ஒரு முழுப் பெட்டியைச் செலவழிக்கத் துணிவு வேண்டும்.

அவர் ஐம்பது வருசத்துக்குக் கிட்ட 17,897 துண்டுகளைத் தன் கையாலேயே வரைந்தார். பேனாவும் ஒரே வகை: எஸ்ட்டர்புரூக் 914 நிப். அந்தக் கம்பனி மூடப்படப் போகிறது என்றதும் மிச்சமிருந்த நிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டார் என்பார்கள். எனக்கு அந்த ஆளை மிகவும் விளங்கும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகிறவர்களிடம் நிப்பு சொல்லிவிட்டே வாழ்ந்தவன் நான்.

இதற்கு நேரெதிர் வின்சர் மக்கே. 1905இல் தொடங்கிய அவரது 'லிட்டில் நீமோ'வுக்கு ஒரு முழுப் பத்திரிகைப் பக்கமே கொடுத்தார்கள். 1908 ஜூலையில் வந்த ஒரு பக்கத்தில் நீமோவின் கட்டிலுக்குக் கால்கள் நீண்டு, அது ஊருக்கு மேலே நடந்து போகும். கால் நீள நீளப் பெட்டிகளும் கீழ்நோக்கி நீண்டுகொண்டே போகும். இப்படி இடம் எங்களுக்குக் கிடைக்காது, ஆனால் பார்த்து வைக்க வேண்டும். பெட்டியின் உருவமே கதை சொல்லலாம் என்று அதில்தான் எனக்கு விளங்கியது.

வேதாளனைப் பற்றி, ஆங்கிலத்தில் 'ஃபாண்டம்' என்ற முகமூடி வீரனைப் பற்றி, கேட்காமலே சொல்கிறேன். லீ ஃபால்க் எழுதி, ரே மூர் வரைந்து, 1936 பெப்ரவரியில் நாளிதழில் கறுப்பு–வெள்ளையில் தொடங்கிய கதை. முத்துவில் அவருக்குப் பெயர் வேதாளன், ராணியில் மாயாவி. ஆகவே எங்கள் தலைமுறையில் இரண்டு மாயாவிகள், சண்டை வேறு. ஃபால்க் மனதில் வைத்திருந்த உடை சாம்பல் நிறம். 1939இல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது அச்சகத்தில் ஊதா போட்டுவிட்டார்கள், அதுவே நிலைத்தது. இத்தாலியில் சிவப்பு, சுவீடனில் நீலம். வண்ணம் எதுவானாலும் ஆளைத் தெரிகிறதா இல்லையா? வெளிக்கோடு மட்டும் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எங்கள் வடமோடி நாட்டுக்கூத்தில் கிரீடத்தையும் கரப்புடுப்பு என்ற விரிந்த உடுப்பையும் கண்டதுமே கூத்துக் களரியின் கடைசி வரிசையில் இருக்கிற கிழவிக்கும் அரசன் வந்துவிட்டான் என்று தெரிவது போலத்தான். உங்கள் பாத்திரத்தை முழுக் கறுப்பில் அடித்துப் பாருங்கள். யார் என்று தெரியாவிட்டால் திரும்பவும் வரையுங்கள். முகமூடிக்குள் கண்மணி இல்லாமல் வெறும் வெள்ளையாக விட்டதும் ஃபால்க்கின் யோசனைதான். பழைய கிரேக்கச் சிலைகளில் இருந்து எடுத்தாராம். இன்றுவரை முகமூடி வீரர்கள் பாதிப்பேருக்கு அந்தக் கண்தான்.

வெளிநாட்டுக்காரர்களையே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார், அவரைப் படிக்காமல் ஈழத்தில் தமிழில் கார்ட்டூன் வரையவே கூடாது என்பது என் கட்சி. சிரித்திரன் சுந்தர். சிவஞானசுந்தரம் என்பது முழுப்பெயர், ஊர் கரவெட்டி. தினகரனில் சவாரித் தம்பரை வரைந்து, 1960களில் சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையைத் தொடங்கியவர். "செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்" என்பது அதன் வாசகம். சவாரித் தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான் என்று அவர் ஆட்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்து வேலி ஓரத்தில் நிற்பவர்கள். சால்வை விழுகிற விதத்தில், வேட்டியை மடிக்கிற உயரத்தில் ஆளின் வயது, சாதி, சம்பளம் எல்லாம் தெரியும். அமெரிக்கன் வரைந்ததில் இருந்து பெட்டி எப்படி என்று படிக்கலாம். உங்கள் ஊர்க்காரன் எப்படிக் குந்துவான் என்பதை அவன் சொல்லித்தர மாட்டான். அதற்குச் சுந்தர் வேண்டும். அடுத்த கட்டமாக, காத்தான்குடிக் கடைவாசலில் நிற்பவரையும், களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மீன் விற்பவளையும் நீங்களே பார்த்து வரைய வேண்டும், ஏனென்றால் சுந்தர் வரைந்தது வடக்கு. கிழக்கு மனிதனை வரிசையாக வரைந்தவர் இன்னும் போதாது.

சிரித்திரனை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்தில் நிறைய இதழ்கள் மின்வருடி வைத்திருக்கிறார்கள். இலவசம். 2005இல் இருந்து அவர்கள் செய்துவருகிற வேலை அது. முதலில் அங்கே போங்கள்.

உங்கள் பெட்டியில் 1970களின் தொடக்க இதழ்கள் குறைவாகவும் 80களின் இதழ்கள் கூடுதலாகவும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 70களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர் எழுத்துக்கு அது நல்லது செய்தது என்று ஒரு வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் காமிக்ஸ் வெறியர்களுக்கு அது பஞ்சகாலம். 1977க்குப் பிறகுதான் கதவு திறந்தது. 1984இல் சிவகாசியில் லயன் காமிக்ஸும், தினத்தந்தி குடும்பத்தில் இருந்து ராணி காமிக்ஸும் வந்தபோது இங்கே கடைகளில் கயிற்றில் தொங்கின. அதே காலத்தில் அம்பாறை பஸ் நிலையப் பக்கம் போனால் 'சித்தர' போன்ற சிங்களச் சித்திரக்கதைத் தாள்கள் கிடைக்கும். கமிலஸ் பெரேராவின் கஜமனைப் பார்த்திருக்கிறீர்களா? அண்மையில், 2023இல், முழுநீள அனிமேஷன் படமாகவும் வந்தார். எனக்குச் சிங்கள எழுத்து ஓடாத வயதிலும் அந்தத் தாள்களில் பாதிக் கதை விளங்கியது. எழுத்துத் தெரியாதவனுக்கு விளங்குகிறதா என்பது நல்ல சோதனை. உங்கள் பெட்டியிலும் ஆங்கிலம் ஓடாத ஒருவரிடம் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்துக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே தடக்குப்படுகிறாரோ அங்கே வரைந்தவன் வசனத்தில் சாய்ந்துவிட்டான்.

எதில் தொடங்குவது? மாயாவி ஒன்று, பீநட்ஸ் தொகுப்பு ஒன்று, சிரித்திரன் சில இதழ்கள். ஆறு மாதத்துக்கு இது போதும். மேலதிகமாக வேண்டுமானால் கொழும்பு மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் கொமாண்டோ, பீனோ போன்ற ஆங்கிலச் சித்திரக்கதை இதழ்கள் எல்லாம் இன்னும் அகப்படும். முத்து–லயன் இன்றும் சிவகாசியில் இருந்து வருகிறது; பழைய மாயாவிகளை மறுபதிப்பும் செய்திருக்கிறார்கள். வரையப் பழகுகிறவனுக்கு மறுபதிப்பே நல்லது. பென்சிலால் கீறலாம், பக்கத்தைக் கழற்றிச் சுவரில் ஒட்டலாம். முதல் பதிப்புத்தான் வேண்டும் என்று அலைகிற சேகரிப்பாளர்களோடு எனக்குப் பகை இல்லை, ஆனால் ஒரு புத்தகத்தை உறைக்குள் போட்டு ஒட்டி, திறக்காமலே வைத்திருக்கிறவருக்கு அந்தப் புத்தகம் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

இப்போது பெட்டி. இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தாள் தப்புவது இலேசான காரியம் இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம், இடையில் யுத்தமும் இடம்பெயர்வும். கல்லடி, நாவலடி, பாண்டிருப்பு, மருதமுனைக் கரையில் வீடே மிஞ்சாத இடத்தில் புத்தகத்தை யார் கணக்கெடுத்தார்கள்? உங்கள் அப்பாவின் பெட்டி இவ்வளவையும் தாண்டி வந்திருக்கிறது. அதைக் கட்டிலுக்குக் கீழே வைக்காதீர்கள். அலுமாரியின் மேல்தட்டு, வெளிச்சுவரில் ஒட்டாமல்.

மலிவுத் தாளை மரக்கூழில் செய்கிறார்கள். அதற்குள் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் படப்பட அது பழுப்பேறும், தாளும் அமிலமாகி நொறுங்கும். பழுப்பைத் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். வெயில் படக்கூடாது. பூஞ்சணம் பிடித்தது என்று முற்றத்தில் வெயிலில் காயப் போடுவார்கள், அதைச் செய்யவே வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கம் பக்கமாகப் பிரித்து ஆறவிடுங்கள். பூஞ்சணம் இருந்தால் மூக்கை மூடிக்கொண்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள்.

புத்தகத்தின் நடுவில் அடித்திருக்கிற கம்பிப் பின்னைப் பாருங்கள். உப்புக்காற்றில் அது துரு ஏறி, துரு தாளைத் தின்றுகொண்டிருக்கும். உள்பக்கத்தில் மடிந்த கால்களை மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி, பின்னை வெளிப்பக்கமாக எடுங்கள். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோர்த்துக் கட்டிவிடலாம். கிழிசலுக்கு செலோடேப் கூடவே கூடாது. ஏற்கனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் கழன்றாலும் பசை மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கியிருக்கும், படத்தையும் உரித்துக்கொண்டு வரும். அப்படியே விடுங்கள். உறை வாங்கினால் பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். மேசைவிரிப்பு மணம் அடிக்கிற பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூடி இறுகுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மாரி முடிந்ததும் மாற்றுங்கள். கறையானுக்கும் புத்தகப் பூச்சிக்கும் மருந்து, இரண்டு மாதத்துக்கு ஒருக்கா நீங்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான். வேப்பிலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். காயாத இலை கறையை விட்டுவிட்டுப் போகும்.

பிறகு ஸ்கேன். கோட்டுச் சித்திரம் என்றால் 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி. கறுப்பு–வெள்ளைப் பக்கமாக இருந்தாலும் கலரிலேயே எடுங்கள். கறுப்பு–வெள்ளை மோடில் எடுத்தால் இயந்திரம் தன் பாட்டுக்கு மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். கலரில் எடுத்தால் பழுப்பைப் பிறகு நீங்கள் பிரித்தெடுக்கலாம். ஆனால் எடுத்ததை அப்படியே இணையத்தில் கொட்டிவிடாதீர்கள். முத்துவும் லயனும் இன்னும் பிழைப்பு நடத்துகிற பதிப்பகம், உரிமை அவர்களுடையது.

ஸ்கேன் எடுத்தாயிற்று, இனித் தாள் எதற்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நூலகங்கள் அதைத்தான் நினைத்தன. பத்திரிகைகளை மைக்ரோஃபிலிம் என்ற சிறிய படச்சுருளில் எடுத்துவிட்டு மூலத் தாள்களைக் கழித்தார்கள். மைக்ரோஃபிலிமில் வண்ணம் இல்லை, கோடும் மங்கல். ஞாயிறு வண்ணச் சித்திரக்கதைகள் அப்படியே அழிந்துபோயிருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் பில் பிளாக்பியர்ட் என்றொரு மனிதர் 1967இல் ஓர் அமைப்பைப் பதிவு செய்து, நூலகங்கள் கழித்த தாள்களைத் தன் வீட்டுக்கு ஏற்றத் தொடங்கினார். சமையலறை தவிர வீடு முழுக்கத் தாள் என்பார்கள். கடைசியில் 1998இல் ஒஹாயோ அரச பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொண்டபோது 75 தொன். ஆறு பெரிய லொறி. நான் மேலே சொன்ன மாதிரிப் பழைய பக்கங்களை இன்று நல்ல அச்சில் தொகுத்துப் போட முடிகிறது என்றால் அதில் அந்த ஒரு மனிதருடைய பைத்தியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்களிடம் அப்படி ஏற்ற வேண்டியது முத்து காமிக்ஸ் அல்ல. அதற்குத் தமிழ்நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெட்டியின் அடியைக் கிண்டுங்கள். பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் மலர், சங்கத்துச் சிறு சஞ்சிகை, தேர்தல் துண்டுப்பிரசுரம் என்று ஏதாவது கிடக்கும். அதில் உள்ளூர்க்காரர் ஒருவர் போட்ட கேலிச்சித்திரம் மூலையில் இருக்கும், பெயர்கூட இருக்காது. கோட்டுப் படங்களை அச்சடிக்கிற உலோக அச்சான லைன் புளொக்குக்காகத் தடித்த கோட்டில் வரைந்தது. அதை முதலில் ஸ்கேன் எடுங்கள். வரைந்தவரோ குடும்பமோ சம்மதித்தால் நான் சொன்ன 'நூலகம்' இணையத்தளத்துக்கு அனுப்புங்கள். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது, அங்கே கட்புலக் கலை படிக்கிற பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

கடைசியாக, ஐபேட் வாங்க வேண்டுமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஐபேடில் பிழைக் கோட்டை ஒரு தட்டில் அழிக்கலாம், அதனால் கோடு போடுமுன் யோசிக்கிற பழக்கம் வராது. ஒரு சாதாரணக் கொப்பி, 2பி பென்சில், இந்தியன் இங்க், ஒரு நிப் அல்லது மூன்றாம் இலக்கத் தூரிகை. அச்சில் வரும் அளவைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள், பிறகு கடையில் போட்டோக்கொப்பி போட்டுச் சிறிதாக்கிப் பாருங்கள். பெரிதில் அழகாகத் தெரிந்த கோடுகளில் பாதி சிறிதில் காணாமல் போயிருக்கும். எவை போயின என்று சிவப்புப் பேனையால் மூலத்தில் குறித்து வையுங்கள்; அடுத்த படத்தில் அவற்றைப் போடாதீர்கள். நாலைந்து படம் சேர்ந்ததும் மட்டக்களப்புப் பக்கம் வந்தால் கொண்டு வாருங்கள், பார்ப்போம்.